கிரியேட்டினின் நார்மல், சரி. சிறுநீரில் அல்புமின் பார்த்தீர்களா?

போன வருஷம் குறுவை அறுப்பு முடிந்த சமயம், பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். பை நிறைய லேப் ரிப்போர்ட். அத்தைக்கு 65 வயது, சர்க்கரை வந்து 11 வருஷம், பிரஷர் மாத்திரையும் போடுகிறார். "கிட்னிக்கும் பாத்தாச்சு தம்பி, எல்லாம் நார்மல்னுட்டாங்க" என்று மேலே இருந்த தாளை நீட்டினார். கிரியேட்டினின் 1.1. பக்கத்தில் லேப் அச்சடித்திருந்த அளவு 0.6 முதல் 1.1 வரை. எல்லைக்குள்தான் இருக்கிறது, தடித்த எழுத்தில்கூடப் போடவில்லை.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சுருக்கென்றது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், வேலை பார்க்கும் இடத்தில் எடுத்த பரிசோதனையில் எனக்கும் அதே 1.1 வந்திருந்தது. எனக்கு 30 வயது. நான் மருத்துவர் இல்லை, உயிர்வேதியியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். ஆனாலும் இந்த இரண்டு 1.1-ம் ஒன்றல்ல என்பது தெரியும். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என் சிறுநீரகம் சுமார் 93 என்ற அளவில் வேலை செய்கிறது, அத்தையுடையது சுமார் 56. அந்த அளவு 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தைக்கு நான் விளக்கியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் சர்க்கரை, பிரஷர் இல்லாத வீடே இல்லை என்ற நிலைமை. இந்தியா முழுக்க நடந்து 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம். இவர்களில் பலர் மாதாமாதம் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், ஆனால் சிறுநீரகத்துக்கு என்று வந்தால் ஒரு கிரியேட்டினினோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் மூன்று வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம்: குறிப்பான், ஆபத்துக் காரணி, சிகிச்சை. மருத்துவச் செய்தி எதைப் படித்தாலும் இந்த மூன்றும் குழம்பிக் கிடக்கும்.

வயலுக்கே போவோம். வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் வரப்பின் வெளிப்பக்கம் ஒரு கையகலத்துக்கு ஈரம் தெரியும், உள்ளே தண்ணீர் இன்னும் குறைந்திருக்காது. அந்த ஈரம்தான் குறிப்பான். பயோமார்க்கர் என்று ஆய்வுகளில் சொல்வது இதைத்தான்: உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அளந்து பார்க்க உதவுகிற அடையாளம். வயலில் நண்டு நிறைய இருப்பது ஆபத்துக் காரணி. நண்டு இருக்கிற வயலில் எல்லாம் வரப்பு உடைந்துவிடாது, ஆனால் உடைய வாய்ப்பு அதிகம். வளையைத் தேடிப் பிடித்துச் சேற்றை அள்ளி அடைப்பது சிகிச்சை. வெளிப்பக்க ஈரத்தை மட்டும் துணி வைத்துத் துடைத்துவிட்டு வரப்பு சரியாகிவிட்டது என்று யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம் இல்லையா? மருத்துவ ஆராய்ச்சியில் அப்படித் துடைத்துவிட்டுப் போன கதையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கிரியேட்டினின் என்றால் என்ன? நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் ரத்தத்தில் வந்து சேரும், சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் தேங்கும், எண் ஏறும். எளிமையான, மலிவான, நல்ல பரிசோதனை. ஆனால் அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, தசை. தசை அதிகம் உள்ளவருக்குக் கழிவும் அதிகம், இல்லாதவருக்குக் குறைவு. அத்தை மெலிந்த உடம்பு, அவருக்கு உண்டாகிற கிரியேட்டினினே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் தள்ள முடியாமல் 1.1 வரை தேங்கியிருக்கிறது என்றால் அது சாதாரணமில்லை. இதற்காகத்தான் கிரியேட்டினினை வைத்து இ-ஜிஎஃப்ஆர் என்ற கணக்கைப் போடுகிறார்கள், நான் மேலே சொன்ன 93-ம் 56-ம் அப்படி வந்தவை. நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்த நீரைச் சிறுநீரகம் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடு அது. பல லேப்கள் இதைத் தாங்களே கணக்கிட்டு அச்சடித்துவிடுகின்றன, சில லேப்கள் அச்சடிப்பதில்லை. அத்தையின் தாளில் இல்லை. உங்கள் தாளிலும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனியாக ரத்தம்கூட எடுக்க வேண்டாம், அதே எண்ணிலிருந்து போடுகிற கணக்குத்தான்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. கிரியேட்டினின் தாமதமாகத்தான் ஏறும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்கிற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. நடவுக்கு 12 பேர் வர வேண்டிய இடத்தில் 9 பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்துவிட்டுத்தான் கரையேறுவார்கள். கொஞ்சம் வேகமாகக் கை போடுவார்கள், வெற்றிலை போட உட்கார மாட்டார்கள், அவ்வளவுதான். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு வேலை முடிந்திருப்பது மட்டும்தான் தெரியும், மூன்று பேர் வராதது தெரியாது. 6 பேர் ஆகும்போதுதான் கால்வாசி வயல் நடாமல் கிடக்கும். சிறுநீரகமும் இப்படித்தான், ஏறக்குறைய பாதித் திறன் போன பிறகுதான் பலருக்குக் கிரியேட்டினின் அந்த அச்சடித்த எல்லையைத் தாண்டுகிறது. அதுவரை மிச்சமிருக்கிற நெஃப்ரான்கள் இடுப்பு ஒடிய வேலை செய்துகொண்டிருக்கின்றன. அப்படிக் கூடுதல் அழுத்தத்தில் ஓடுவதாலேயே அவையும் சீக்கிரம் தேய்கின்றன, இந்த நோயில் ஒருமுறை சரிய ஆரம்பித்தால் தொடர்ந்து சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் முன்கூட்டியே காட்டுவது எது? வரப்பின் வெளியே தெரிகிற அந்த ஈரம்தான். சிறுநீரகத்தில் அதற்குப் பெயர் அல்புமின்.

அல்புமின் ரத்தத்தில் இருக்கிற புரதம். நல்ல வடிகட்டி அதை வெளியே விடாது. சர்க்கரையாலும் அழுத்தத்தாலும் வடிகட்டியின் சுவர் சேதமாகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் கசியும். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827-இலேயே இதைக் கவனித்து எழுதினார். உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரியும். நம் சித்த மருத்துவத்தில் நீர்க்குறி பார்க்கும்போதும் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைக் கவனிப்பார்கள், அந்த நுரை சும்மா சொன்னதில்லை. புரதம் நிறையப் போகிற சிறுநீர் நுரைக்கும், நுரை சீக்கிரம் அடங்காது. ஆனால் நுரை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு நுரைத்தால் கசிவு ஏற்கனவே பெரிதாகியிருக்கும்.

தொடக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. குச்சியை நனைத்துப் பார்க்கிற சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையிலும் பல நேரம் பிடிபடாது. அதற்கு ஏசிஆர் என்ற பரிசோதனை வேண்டும், சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். லேப்பில் "மைக்ரோ அல்புமின்" என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் விகிதத்தோடு வேண்டும் என்று சொல்லுங்கள். ஏன் விகிதம்? தண்ணீர் நிறையக் குடித்த நாளில் சிறுநீர் நீர்த்திருக்கும், வெயிலில் காய்ந்த நாளில் சுண்டியிருக்கும், அல்புமினை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். கிரியேட்டினினும் அதே அளவுக்கு நீர்க்கும், சுண்டும் என்பதால் இரண்டையும் வகுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் அடிபட்டுவிடும். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். 300-க்கு மேல் என்றால் கடுமையான கசிவு.

ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டவும் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடுமையான உடல் உழைப்பு எல்லாமே இந்த எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். கொள்முதல் நிலையத்தில் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு மறுநாள் காலையில் கொடுத்தால் தேவையில்லாமல் பயப்பட வேண்டியிருக்கும். அதனால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, அதில் குறைந்தது இரண்டு முறையாவது உயர்ந்திருந்தால்தான் கசிவு உறுதி என்று வைத்துக்கொள்கிறார்கள். காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீர், அதிலும் நடுப்பகுதி, கொடுப்பது நல்லது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், அதாவது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது, இருப்பவர்கள் நோய் தெரிந்த அன்றே ஒருமுறையும் பிறகு வருஷா வருஷமும் கிரியேட்டினின், ஏசிஆர் இரண்டையும் பார்க்க வேண்டும். அத்தைக்கு 11 வருஷத்தில் ஒருமுறைகூட ஏசிஆர் பார்த்ததில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, நாமாகக் கேட்காவிட்டால் இது விட்டுப்போகிறது என்பதால் எழுதுகிறேன்.

புதிதாக அடிபடுகிற இன்னொரு குறிப்பான் சிஸ்டாட்டின் சி. இது தசையிலிருந்து மட்டும் வருவதில்லை, உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் உண்டாக்குவது, அதனால் மெலிந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கிரியேட்டினின் காட்டுகிற பொய்க்கணக்கு இதில் குறையும். கிரியேட்டினின் கணக்கு நம்பும்படி இல்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது 2024-இல் வந்த உலகளாவிய சிறுநீரக வழிகாட்டி. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதையும் குழப்பும். விலை கூடுதல், சிறிய ஊர்களில் எளிதில் கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை.

ஆபத்துக் காரணிகளுக்கு வருவோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு, இவை எல்லோரும் சொல்வதுதான். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு நெஃப்ரான்களின் எண்ணிக்கையே குறைவாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நடவுக்கு ஆரம்பத்திலேயே ஆள் குறைவு மாதிரி.

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது வலி மாத்திரையை. எங்கள் பக்கம் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று குனிந்து நிமிர்ந்த உடம்பு வலிக்காக டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும், "ஒரு வலி ஊசி போடுங்க" என்று கேட்பதும் ரொம்பச் சாதாரணம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது, இந்த மாத்திரைகள் அந்த வழியை அடைக்கின்றன. பிரஷருக்கு டெல்மிசார்டான் மாதிரி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் போடுகிறவர், வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து வலி மாத்திரையும் போட்டால் மூன்றும் சேர்ந்து ஒரே வாரத்தில் சிறுநீரகத்தைப் படுக்க வைக்கலாம். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

வெயிலும் ஓர் ஆபத்துக் காரணி என்பதை இப்போது ஆராய்ச்சியாளர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் இளவயது வெட்டாட்களுக்குச் சிறுநீரகம் போனது. இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் விவசாயிகளிடையே இப்படிக் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. கடும் வெப்பத்தில் தண்ணீர் இல்லாமல் திரும்பத் திரும்ப உழைப்பது இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதற்கு ஆதாரம் கூடிக்கொண்டே வருகிறது. ஓய்வு, நிழல், தண்ணீர் மூன்றையும் முறையாகக் கொடுத்த கரும்புத் தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை நோயில் ஒரு விசித்திரம் உண்டு: அல்புமின் கசிவு அதிகம் இருக்காது, ஆனால் கிரியேட்டினின் ஏறும். வரப்பு நன்றாக இருக்கும், ஆட்கள்தான் குறைந்துகொண்டே போவார்கள். இதனால்தான் இரண்டு பரிசோதனையும் வேண்டும் என்கிறேன், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை.

இனி சிகிச்சை. இங்கேதான் கடந்த சில வருஷங்களில் உண்மையிலேயே நல்ல செய்தி வந்திருக்கிறது.

வடிகட்டியை ஒரு சின்ன வயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வருகிற மடை ஒன்று, வடிகிற மடை ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறினால் வரப்பு கசியும். அழுத்தத்தைக் குறைக்க இரண்டே வழி: வடிகிற மடையைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கலாம், அல்லது வருகிற மடையைக் கொஞ்சம் அடைக்கலாம். 1993-இல் கேப்டோபிரில், 2001-இல் லோசார்டான், இர்பிசார்டான் என்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் முதல் வழியைச் செய்பவை. இன்று பிரஷருக்கு நிறையப் பேர் போடுகிற டெல்மிசார்டானும் இந்தக் குடும்பம்தான். அப்புறம் ஏறக்குறைய 18 வருஷத்துக்குச் சிறுநீரகச் சரிவைத் தடுக்கிற புது வகை மருந்து எதுவும் தேறவில்லை.

2019-இல் நிலைமை மாறியது. பெயர் கிளிஃப்ளோசின் என்று முடிகிற மருந்துகள்: கேனாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவற்றின் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள், அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை போகும். வடிகட்டியில் இறங்கிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுகிற வாசலை அடைப்பதுதான் அதன் வேலை. சர்க்கரையைக் குறைக்கத்தான் இந்த மாத்திரைகளை உருவாக்கினார்கள். ஆனால் சர்க்கரையோடு உப்பும் உறிஞ்சப்படாமல் கீழே போகிறது, அதை உணர்ந்த சிறுநீரகம் ரத்தம் வருகிற மடையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறது. இரண்டாவது வழி கிடைத்துவிட்டது!

டாபாகிளிஃப்ளோசினை வைத்து 2020-இல் முடிவு வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரையே இல்லை. ஆபத்து 39 சதவீதம் குறைந்தது என்று செய்திகளில் வந்தது. இந்தச் சதவீதத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள், எந்த மருந்துச் செய்திக்கும் உதவும். ஏறக்குறைய இரண்டரை வருஷத்தில், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்ட 100 பேரில் 14 அல்லது 15 பேருக்குச் சிறுநீரகத் திறன் பாதியாகச் சரிந்தது, அல்லது முற்றிலும் செயலிழந்தது, அல்லது சிறுநீரக, இதயக் காரணத்தால் மரணம் நேர்ந்தது. மருந்து போட்ட 100 பேரில் அது 9 பேருக்கு நடந்தது. 39 சதவீதம் என்றால் 100-இல் 39 பேர் பிழைத்தார்கள் என்று அர்த்தமில்லை, 100-க்கு ஐந்து பேர் தப்பித்தார்கள். ஒரு மாத்திரைக்கு இது பெரிய பலன், குறைத்துச் சொல்லவில்லை. சரியாகப் புரிந்துகொண்டு நம்புங்கள் என்கிறேன். இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தது, பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலையும் இறங்கியது.

2024-இல் வெளியான ஃபிளோ ஆய்வில், வாரம் ஒரு ஊசியாகப் போடுகிற செமாகுளுடைடும் சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயில் பெரிய பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. 2025-இல் ஃபினெரெனோன் என்ற இன்னொரு சிறுநீரக மருந்து, எம்பாகிளிஃப்ளோசின் இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிப் பார்த்த ஆய்வில் ஏசிஆர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இந்தக் கடைசி ஆய்வில்தான் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அளந்தது குறிப்பானை மட்டும். ஈரம் குறைந்தது, சரி, வரப்பு பலமானதா? பெரும்பாலும் ஆமாம், ஏனென்றால் தனித்தனியாக அந்த இரண்டு மருந்துக்கும் பெரிய ஆய்வுகள் பின்னால் இருக்கின்றன. ஆனால் எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2008-இல் ஆன்டார்கெட் என்ற ஆய்வு, 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. டெல்மிசார்டான், ராமிபிரில் இரண்டும் வடிகிற மடையைத் திறக்கிற மருந்துகள், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அல்புமின் கசிவு கூடிக்கொண்டே போவது உண்மையிலேயே மட்டுப்பட்டது. ஆனால் டயாலிசிஸ் வரை போனவர்களும் கிரியேட்டினின் இரட்டிப்பானவர்களும் சேர்த்துக் கொடுத்த குழுவில்தான் அதிகம். துணி வைத்து ஈரத்தைத் துடைத்த கதை என்று நான் சொன்னது இதுதான். "இந்தப் பொடி சாப்பிட்டால் கிரியேட்டினின் இறங்கும்" என்று யாராவது போனில் வீடியோ அனுப்பினால் எண் இறங்குவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்களா, நோயாளி டயாலிசிஸ் இல்லாமல் எத்தனை வருஷம் இருந்தார் என்பதைப் பற்றியும் பேசுகிறார்களா என்று பாருங்கள். உடம்பு மெலிந்து தசை குறைந்தாலும் கிரியேட்டினின் இறங்கும்.

அத்தைக்கு முதல் ஏசிஆர் 240 வந்தது. பொங்கல் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 215, கிரியேட்டினின் அதே 1.1. மருத்துவர் ஏற்கனவே இருந்த டெல்மிசார்டானின் அளவைக் கூட்டி, டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்தார். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும், வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தன்னைக் கேட்கச் சொல்லியும் அனுப்பினார். ஒரு மாதத்தில் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் 1.2.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "தம்பி, நல்லா இருந்த கிட்னியை இந்த மாத்திரை கெடுத்துடுச்சு, ஏறிடுச்சு பாரு. நான் ரெண்டு நாளா போடல." குரலில் அழுகை இருந்தது.

அவருக்கு நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "அத்தை, ஆறு பேரு பன்னெண்டு பேர் வேலையை ஓடி ஓடிப் பாத்துட்டிருந்தாங்க. இப்ப யாரோ வந்து, மெதுவா நடுங்க, இடுப்பு போயிடும்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் கணக்குல ரெண்டு முடி நாத்து கம்மியாத்தான் நட்டிருப்பாங்க. ஆனா நாளைக்கும் வேலைக்கு வருவாங்க, பத்து வருஷம் கழிச்சும் வருவாங்க." இ-ஜிஎஃப்ஆர் 56-லிருந்து 50 ஆகியிருக்கிறது, பத்தில் ஒரு பங்கு இறக்கம். அழுத்தம் குறைவதால் ஆரம்பத்தில் வருகிற எதிர்பார்த்த இறக்கம்தான் இது, பிறகு சரிவின் வேகம் மட்டுப்படும் என்பதைத்தான் அந்தப் பெரிய ஆய்வுகள் எல்லாம் காட்டின. இறக்கம் 30 சதவீதத்தைத் தாண்டினால்தான் வேறு ஏதோ கோளாறு என்று தேடுவார்கள். மறுநாள் மருத்துவரும் இதையே சொன்ன பிறகுதான் அத்தை மாத்திரையை மறுபடி எடுத்தார்.

ஜூன் மாதம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் போயிருந்தேன். ஏசிஆர் 110, கிரியேட்டினின் 1.2-லேயே நிற்கிறது. ஊறுகாயும் கருவாடும் வாரத்துக்கு ஒருநாள் என்று ஆகிவிட்டது, முழங்கால் வலிக்கு மாத்திரைக்குப் பதில் வெந்நீர் ஒத்தடம். மஞ்சப்பையில் இருந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார்: தேதி, கிரியேட்டினின், ஏசிஆர். பேரன் போட்டுக் கொடுத்த கட்டமாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சர்க்கரை மாத்திரை அட்டை கையில், கூடவே ஒரு லேப் தாளும். கண்ணாடி இல்லாததால் படிக்க முடியவில்லை என்று என்னிடம் நீட்டப் போனார். அதற்குள் அத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார்.

"கிரியேட்டினின் 0.9னு போட்டிருக்கு அக்கா, சரி. ஒண்ணுக்கு டெஸ்ட்டு எங்க? அது எடுக்கலியா?"